குலுக்கினால் கெட்டுப்போகும் மருந்து!

பாட்டில் சுவரில் நடக்கும் கூத்தைக் கம்ப்யூட்டர் காட்டுகிறது

மருந்து பாட்டிலைக் கையில் எடுத்ததும் குலுக்குவது எல்லோருக்கும் பழக்கம். இருமல் மருந்து பாட்டிலில், "நன்றாகக் குலுக்கிச் சாப்பிடவும்" என்று அச்சடித்தே இருக்கும்.

ஆனால் ஒரு மருந்து இருக்கிறது. அதைக் குலுக்கக் கூடாது. குலுக்கினால் கெட்டுப்போகும்!

அதுதான் இன்சுலின்.

சர்க்கரை வியாதிக்காரர்கள் ஊசி மூலம் போட்டுக்கொள்ளும் மருந்து இது. பெரும்பாலும் தண்ணீர் போலத் தெளிவாக இருக்கும். பால் போல வெளுத்த இன்சுலினும் உண்டு. அதைக் கலக்கிவிட்டுத்தான் போடவேண்டும். என்றாலும், அதையும் வேகமாகக் குலுக்குவது இல்லை. இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவே வைத்து மெதுவாக உருட்டுவார்கள்.

ஏன் இந்த ஜாக்கிரதை? பாட்டிலுக்குள் பத்திரமாக மூடிக்கிடக்கும் மருந்து, குலுக்குவதால் எப்படிக் கெடும்?

இந்தக் கேள்விக்குப் பதில் தேடப் புறப்பட்ட விஞ்ஞானிகள், கடைசியில் பாட்டிலின் சுவரில் போய் முட்டிக்கொண்டார்கள்!

கொழுக்கட்டை

இன்சுலின் ஒரு புரதம். முட்டையின் வெள்ளைக்கருவில் இருப்பதும் புரதம். நமது தசையில் இருப்பதும் புரதம்.

புரதம் என்பது ஒரு மணிமாலை. அமினோ அமிலங்கள் என்ற மணிகளை வரிசையாகக் கோத்தது. இன்சுலினில் இரண்டு சரங்கள் உண்டு. ஒன்றில் 21 மணிகள். மற்றொன்றில் 30 மணிகள். ஆக மொத்தம் 51. இந்த 51 மணிகளின் வரிசையை இங்கிலாந்து விஞ்ஞானி பிரெடெரிக் சாங்கர் 1955-ம் ஆண்டில் கண்டுபிடித்து முடித்தார். 1958-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

மாலை நீட்டமாகத் தொங்கிக்கொண்டு இருந்தால் வேலை நடக்காது. அது மடிந்து, சுருண்டு, ஒரு குறிப்பிட்ட வடிவத்துக்கு வரவேண்டும். அந்த வடிவம் இருந்தால்தான் மருந்து. வடிவம் போனால் மருந்தும் போயிற்று.

இன்சுலினின் வடிவத்தை 1969-ம் ஆண்டில் வெளியிட்டவர் டோரதி ஹாட்ஜ்கின் அம்மையார். ஆக்ஸ்போர்டில் அவருடன் வேலை செய்த குழுவில் இந்தியரான எம்.விஜயனும் இருந்தார்.

மணிகளில் இரண்டு ஜாதி. சில மணிகளுக்குத் தண்ணீர் பிடிக்கும். சில மணிகள் எண்ணெய் போல. தண்ணீரைக் கண்டால் விலகும். புரதம் மடியும்போது, தண்ணீரை விரும்பாத மணிகள் உள்ளே போய் ஒளிந்துகொள்கின்றன. தண்ணீரை விரும்பும் மணிகள் வெளியே நிற்கின்றன.

கொழுக்கட்டையை நினைத்துக்கொள்ளுங்கள். வெளியே மாவு. உள்ளே பூரணம். அதேமாதிரிதான்.

கொழுக்கட்டை பாத்திரத்தில் ஒட்டிக்கொண்டால் என்ன ஆகும்? எடுக்கும்போது பிய்ந்துவிடும். பூரணம் வெளியே வரும். அது பக்கத்துக் கொழுக்கட்டையிலும் ஒட்டும். கடைசியில் எல்லாம் ஒரே கட்டியாகிவிடும்.

புரதத்துக்கும் இந்தக் கதிதான் நேருகிறது!

முட்டை நுரை

கேக் செய்கிறவர்கள் முட்டையின் வெள்ளைக்கருவை நன்றாக அடிப்பார்கள். வழவழவென்று இருந்தது, வெள்ளை வெளேர் என்று நுரைத்து நிற்கும். அடுப்பில் வைக்கவில்லை. ஆனாலும் கெட்டியாகிவிட்டது. எப்படி?

ஒவ்வொரு நுரைக்குமிழியும் ஒரு மேற்பரப்பு. உள்ளே காற்று, வெளியே நீர். இரண்டும் சந்திக்கும் அந்த எல்லைக்கு வரும் புரதம் அவிழ்ந்துவிடுகிறது. எண்ணெய் மணிகள் காற்றின் பக்கம் தலையை நீட்டுகின்றன. அக்கம்பக்கத்துப் புரதங்கள் கைகோத்து வலை பின்னிவிடுகின்றன. அந்த வலைதான் நுரையைத் தாங்குகிறது.

புரதம் கலந்த நீரின் மேற்பரப்பில் கெட்டியான ஏடு படிவதை வால்டர் ராம்ஸ்டன் என்ற ஆங்கிலேயர் 1903-ம் ஆண்டிலேயே எழுதி வைத்தார். சும்மா ஆட்டினாலே போதும், புரதம் திரிந்துவிடும் என்று அவர் காட்டினார்.

முட்டை திரிந்தால் கேக் கிடைக்கும். இன்சுலின் திரிந்தால்?

டொராண்டோ நகரம்

1922-ம் ஆண்டு ஜனவரி மாதம். கனடா நாட்டில் டொராண்டோ நகர ஆஸ்பத்திரியில் லெனார்டு தாம்சன் என்ற 14 வயதுச் சிறுவன் சாகக் கிடந்தான். சர்க்கரை வியாதி. அவனுக்குத்தான் முதன்முதலில் இன்சுலின் ஊசி போட்டார்கள். முதல் ஊசி சரிப்படவில்லை. மருந்தைச் சுத்தம் செய்து மறுபடியும் போட்டார்கள். பையன் பிழைத்தான். இன்னும் 13 ஆண்டுகள் உயிரோடு இருந்தான்.

அதன் பிறகு உலகம் எங்கும் லட்சக்கணக்கானவர்கள் இன்சுலினால் உயிர் வாழ்கிறார்கள். உடலில் இன்சுலின் சுரப்பதே நின்றுபோன குழந்தைகள் இருக்கிறார்கள். அவர்களுக்கு இது சோறு, தண்ணீர் மாதிரி. ஒரு நாள் தவறினாலும் ஆபத்து.

தினமும் பலமுறை ஊசி குத்திக்கொள்வது லேசான காரியமா? அதனால், தானாகவே இன்சுலினைச் சொட்டுச் சொட்டாக உடலில் செலுத்தும் பம்பு செய்யலாமே என்று டாக்டர்கள் நினைத்தார்கள். 1974-ம் ஆண்டில் அதே டொராண்டோவில் ஆல்பிசர் என்பவரும் அவருடைய குழுவினரும் செயற்கைக் கணையம் ஒன்றை அமைத்தார்கள். பிறகு பம்புகள் சிறிதாகிக்கொண்டே வந்தன. 1980-ஐ ஒட்டி உடலுக்குள்ளேயே பதிக்கும் பம்புகளும் வந்தன.

அப்போதுதான் வினை வந்தது!

பம்புக்குள் இருந்த இன்சுலின் திரிந்தது. மெல்லிய குழாய் அடைத்துக்கொண்டது. மருந்து போகவில்லை.

பம்புக்குள் மருந்தின் நிலைமை என்ன என்று பாருங்கள். குளிர்ச்சியான இடம் இல்லை. உடம்பின் சூடு, 37 டிகிரி. நடக்கும்போதெல்லாம் ஆட்டம். சுற்றிலும் பிளாஸ்டிக், ரப்பர், உலோகம். போதாக்குறைக்குக் காற்றுக்குமிழிகள்! திரும்பிய பக்கம் எல்லாம் ஒரு மேற்பரப்பு.

எந்த நகரில் இன்சுலின் பிறந்ததோ, அதே நகரில் இருந்து 1980-ல் ஆல்பிசர் குழுவினர் இந்தத் திரளும் தொல்லையைப் பற்றி எழுதினார்கள்.

நான்-ஸ்டிக் ஒட்டும்!

1991-ம் ஆண்டில் அமெரிக்காவில், எம்.ஐ.டி. என்ற புகழ்பெற்ற தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த ராபர்ட் லாங்கர், அலெக்சாண்டர் கிளிபனாவ் ஆகியோர் இந்த விஷயத்தைத் துருவினார்கள். தண்ணீர் ஒட்டாத பரப்புகளோடு சேர்த்து இன்சுலினை ஆட்டிப் பார்த்தார்கள்.

இதில் ஒரு வேடிக்கை. நான்-ஸ்டிக் தோசைக்கல்லில் பூசியிருப்பது டெஃப்லான். அதில் தண்ணீர் ஒட்டாது. முத்து முத்தாக ஓடும். மாவும் ஒட்டாது. ஆனால் புரதம் ஒட்டும்! தண்ணீருக்குப் பயந்து ஒளிந்திருக்கும் எண்ணெய் மணிகளுக்கு, தண்ணீர் ஒட்டாத சுவர் என்றால் சொந்தக்காரர் வீடு மாதிரி.

இன்னொரு அதிசயமும் தெரிந்தது. மருந்தில் இன்சுலின் கூடுதலாக இருந்தால் சீக்கிரம் கட்டிதட்டும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். நடந்தது நேர்மாறு. இன்சுலின் குறைவாக இருந்தபோதுதான் அது சீக்கிரம் கெட்டது!

காரணம் இல்லாமல் இல்லை. பாட்டிலில் இன்சுலின் தனியாகத் திரிவது இல்லை. துத்தநாகத்தைப் பிடித்துக்கொண்டு ஆறு ஆறாகச் சேர்ந்து நிற்கும். கூட்டமாக நிற்கும்போது எண்ணெய்ப் பகுதிகள் மறைந்திருக்கும். மருந்தில் நீர் கூடக் கூட, கூட்டம் கலைந்து தனி ஆட்கள் அதிகமாகிறார்கள். சுவரில் போய் மாட்டிக்கொள்பவர்கள் இந்தத் தனி ஆட்கள்தான்.

கெட்டுப்போகும் விதமும் விசித்திரமானது. முதலில் ஒன்றுமே தெரியாது. மருந்து தெளிவாகவே இருக்கும். உள்ளே சில மூலக்கூறுகள் மட்டும் சேர்ந்து ஒரு விதை உண்டாகும். விதை உண்டாகிவிட்டால் அப்புறம் மளமளவென்று திரளும்.

பாலில் உறை ஊற்றிய கதை!

எட்டாத இடம்

சரி, சுவரைத் தொட்ட அந்த நிமிஷத்தில் புரதம் எப்படி அவிழ்கிறது? எந்த மணி முதலில் ஒட்டுகிறது? எந்தப் பக்கம் பிரிகிறது?

இதைப் பார்ப்பது எளிதல்ல. ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் பங்கு போடுங்கள். அதில் சுமார் மூன்று பங்குதான் ஒரு இன்சுலினின் அகலம். கருவிகள் பெரும்பாலும் கோடிக்கணக்கான மூலக்கூறுகளின் சராசரியைத்தான் சொல்லும். ஊர்வலத்தைத் தூரத்தில் இருந்து பார்த்தால், கூட்டம் தெரியும். ஒரு ஆளின் முகம் தெரியுமா?

அந்த முகத்தைக் காட்டத்தான் கம்ப்யூட்டர் வந்தது.

வழி இதுதான். புரதத்தின் ஒவ்வொரு அணுவும் எங்கே இருக்கிறது என்று கம்ப்யூட்டரிடம் சொல்லிவிட வேண்டும். சுற்றி உள்ள தண்ணீரின் அணுக்களையும் சொல்ல வேண்டும். எந்த அணு எந்த அணுவை எவ்வளவு இழுக்கும், எவ்வளவு தள்ளும் என்ற கணக்கையும் கொடுக்க வேண்டும். நியூட்டன் சொன்ன விதிப்படி, அடுத்த கணத்தில் ஒவ்வொரு அணுவும் எங்கே இருக்கும் என்று கம்ப்யூட்டர் கணக்குப் போடும். பிறகு அதற்கு அடுத்த கணம். பிறகு அதற்கும் அடுத்த கணம்.

சினிமாவில் ஒரு வினாடிக்கு 24 படங்கள் ஓடுகின்றன. இந்தச் சினிமாவில் ஒரு வினாடிக்கு எத்தனை படங்கள் தெரியுமா? 1 போட்டு, பக்கத்தில் 15 பூஜ்யம் போடவேண்டும்! அணுக்கள் அவ்வளவு வேகமாகத் துடிக்கின்றன. இடைவெளியைக் கொஞ்சம் அதிகமாக விட்டாலும் கணக்கு தப்பிவிடும்.

முதல் படத்தை எடுத்தவர்கள் அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மக்காமன், கெலின், கார்ப்ளஸ் ஆகிய மூவர். ஆண்டு 1977. மாட்டின் கணையத்தில் கிடைக்கும், 58 மணிகள் உள்ள சிறிய புரதம் ஒன்றை எடுத்துக்கொண்டார்கள். அவர்களால் பார்க்க முடிந்த நேரம், ஒரு வினாடியை லட்சம் கோடி பங்காக்கி அதில் சுமார் 9 பங்கு! புரதம் கல் மாதிரி அசையாமல் இருக்கும் என்று நினைத்தவர்களுக்கு, அது நெளிவதைக் காட்ட இதுவே போதுமானதாக இருந்தது. கார்ப்ளசுக்கு 2013-ல் வேறு இருவரோடு சேர்த்து நோபல் பரிசு கொடுத்தார்கள்.

2010-ம் ஆண்டில் நியூயார்க்கில் டேவிட் ஷா என்பவரின் ஆராய்ச்சிக்கூடம், இதற்கென்றே கட்டிய 'ஆன்டன்' என்ற கம்ப்யூட்டரில் அதே புரதத்தை ஓட்டிப் பார்த்தது. இந்தத் தடவை ஒரு வினாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரம். 33 ஆண்டுகளில் சுமார் பத்துக் கோடி மடங்கு முன்னேற்றம்!

இந்தக் கலையில் சென்னைக்கும் பங்கு உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என்.ராமச்சந்திரன், சி.ராமகிருஷ்ணன், வி.சசிசேகரன் ஆகிய மூவரும் 1963-ல் ஒரு வரைபடம் வெளியிட்டார்கள். புரதச் சரம் எந்தெந்தக் கோணத்தில் திரும்பலாம், எந்தக் கோணத்தில் திரும்பினால் அணுவோடு அணு மோதும் என்பதை அது காட்டுகிறது. கம்ப்யூட்டர் காட்டும் வடிவம் நம்பத்தக்கதுதானா என்று பார்க்க இன்றும் அந்த வரைபடத்தைத்தான் எடுத்து வைத்துக்கொள்கிறார்கள்.

சுவர் இல்லாத பெட்டி

கம்ப்யூட்டருக்கு ஒரு தனிச் சௌகரியம் உண்டு. நிஜ உலகில் எந்தப் பாத்திரத்துக்கும் சுவர் இருக்கும். கம்ப்யூட்டரில் சுவரே இல்லாத பெட்டி செய்யலாம்!

வலது பக்கமாக வெளியே போகும் அணு, இடது பக்கமாக உள்ளே வந்துவிடும். மேலே போனால் கீழே வரும். புரதத்துக்கு எங்கும் முட்டாது. முதலில் அந்தப் பெட்டியில் புரதம் எப்படி இருக்கிறது என்று பார்க்கலாம். பிறகு ஒரே ஒரு சுவரை நிறுத்திப் பார்க்கலாம். தங்கத்தில் சுவர், கண்ணாடிச் சுவர், பென்சில் கரியான கிராபைட்டில் சுவர் — எது வேண்டுமானாலும் வைக்கலாம்.

தண்ணீர் ஒட்டாத சுவரை வைத்தால் நடப்பது இது. சுவரின் அருகே உள்ள தண்ணீர் அதை இறுகப் பிடித்துக்கொண்டு இருப்பது இல்லை. புரதம் மிதந்து வருகிறது. புரதத்தின் ஏதோ ஒரு எண்ணெய் மூலை சுவரைத் தொடுகிறது. நடுவில் இருந்த தண்ணீர் நழுவிப்போகிறது. ஒரு கை ஒட்டியது, இன்னொரு கையும் ஒட்டுகிறது. கொஞ்சம் கொஞ்சமாகப் புரதம் சுவரில் படுத்துவிடுகிறது!

தண்ணீர் ஒட்டும் சுவர் என்றால் கதை வேறு. தண்ணீர் ஒரு போர்வை மாதிரி சுவரை மூடிக்கொள்கிறது. அந்தப் போர்வையைத் தாண்டிப் போவது புரதத்துக்குச் சிரமம். ஆனால் சுவரில் மின்சாரம் ஏறியிருந்தால், எதிர் மின்சாரம் உள்ள மணிகளை அது இழுத்துவிடும். ஆகையால், தண்ணீர் ஒட்டும் சுவர் எல்லாம் சாது என்று நினைத்துவிடக் கூடாது.

கம்ப்யூட்டர் சொல்வதை அப்படியே நம்பிவிடலாமா? கூடாது. அணுக்களின் இழுவிசைக் கணக்கில் தவறு இருந்தால், படமும் தவறாகவே ஓடும். அதனால் சோதனைச்சாலை முடிவோடு அடிக்கடி ஒத்துப்பார்க்கிறார்கள். இன்னொரு சங்கடம் நேரம். பாட்டிலில் இன்சுலின் திரிய மணிக்கணக்கு, நாள்கணக்கு ஆகும். கம்ப்யூட்டர் ஓட்டுவதோ இமைப்பொழுதிலும் சிறிய பகுதி. ஆகவே பல அணுக்களை ஒரே உருண்டையாக்கி, கணக்கைச் சுருக்கிக்கொள்கிறார்கள். ஜில்லா வரைபடத்தில் வீடு வீடாகவா காட்டுகிறார்கள்? ஊருக்கு ஒரு புள்ளிதானே!

காப்பாற்றும் சுவர்

இப்படிச் சுருக்கிய கணக்குகளில் எதிர்பாராத விஷயங்களும் வந்தன. சுவர் எப்போதும் எமன் இல்லையாம்!

குறுகலான சந்துக்குள் குடையை விரிக்க முடியுமா? முடியாது. புரதத்தை ஒட்டாத சுவர்களால் ஆன சிறிய கூண்டுக்குள் வைத்தால், அதுவும் அப்படித்தான். அவிழ்ந்து நீளுவதற்கு இடம் இல்லை. மடிந்தே இருக்கும். ஜோ, டில் என்ற இரண்டு அமெரிக்க விஞ்ஞானிகள் 2001-ல் இதைக் கணக்குப் போட்டுக் காட்டினார்கள்.

அதே ஆண்டில் வேறு இருவர் பால் புரதம் ஒன்றைக் கண்ணாடிக் கூழின் நுண்ணிய துளைகளில் அடைத்துச் சூடேற்றினார்கள். சாதாரணமாக அவிழும் சூட்டைவிட 32 டிகிரி வரை கூடுதலாகத் தாங்கியது!

நமது உடல் செல்களில்கூட இத்தகைய கூண்டுகள் உண்டு. மடியத் தெரியாமல் தவிக்கும் புரதங்களை உள்ளே விட்டு, மடிந்த பிறகு வெளியே விடுகின்றன.

புரதத்தைச் சுவரில் கட்டிவைத்தால்? நோயைக் கண்டுபிடிக்கும் சில கருவிகளில் புரதங்களை இப்படித்தான் பரப்பில் பிணைக்கிறார்கள். 2006-ல் கலிபோர்னியாவில் ஜோன்-எம்மா ஷே என்ற பெண் விஞ்ஞானியின் குழு இதைக் கம்ப்யூட்டரில் ஆராய்ந்தது. எந்த மணியில் கட்டுகிறோம் என்பதைப் பொறுத்தே எல்லாம் மாறும் என்று தெரிந்தது. மாட்டை மூக்கணாங்கயிற்றில் கட்டுவதும் வாலில் கட்டுவதும் ஒன்றா?

வெறும் மருந்து பாட்டிலோடு இது நிற்கவில்லை. சிறுநீரகம் கெட்டு, பல ஆண்டுகள் டயாலிசிஸ் செய்துகொள்கிறவர்களின் மூட்டுகளில் ஒரு புரதம் திரண்டு படிகிறது. சுவீடனைச் சேர்ந்த சாரா லின்ஸ் அம்மையாரும் கூட்டாளிகளும் அந்தப் புரதத்தோடு மிக நுண்ணிய துகள்களைக் கலந்தார்கள். திரளும் வேலை துரிதமாயிற்று. இது 2007-ல். மறு ஆண்டில், மறதி நோயான அல்சைமரில் மூளையில் படியும் புரதத்தோடு பிளாஸ்டிக் துகள்களைக் கலந்தார்கள். இங்கே திரளுவது தாமதமாயிற்று!

ஒரு பரப்பு தூண்டிவிடுகிறது. இன்னொரு பரப்பு தடுக்கிறது. மூளை செல்லின் மேல்தோலும் ஒரு பரப்புத்தானே? அங்கே அந்தப் புரதம் எப்படி ஒட்டுகிறது என்று கம்ப்யூட்டரில் பலர் பார்த்துக்கொண்டு இருக்கிறார்கள்.

துண்டு போட்ட சீட்

பம்பு அடைத்த கதை என்ன ஆயிற்று?

பஸ் வந்து நின்றதும், ஜன்னல் வழியாகச் சீட்டில் துண்டைப் போட்டு இடம் பிடிப்பார்கள் அல்லவா? அந்த யுக்திதான்! சோப்பு இனத்தைச் சேர்ந்த ஒரு பொருளை மருந்தில் துளி கலந்துவிடுகிறார்கள். அது முதலில் ஓடிப்போய்ச் சுவரிலும் காற்றுக்குமிழியிலும் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. பின்னால் வரும் புரதத்துக்கு ஒட்ட இடம் இல்லை. உடலுக்குள் பதிக்கும் பம்புகளுக்காக ஜெர்மனியில் செய்த இன்சுலினில் ஜெனபால் என்ற பொருளைக் கலந்தார்கள். புற்றுநோய்க்குப் போடும் புரத மருந்துகள் பலவற்றில் இன்று பாலிசார்பேட் என்ற பொருள் இருக்கிறது. அந்த மருந்துகளைக் கரைக்கும்போதும் நர்சுகள் குலுக்குவது இல்லை, மெதுவாகச் சுழற்றுவார்கள்.

இப்போது வயிற்றின் மேல் மாட்டிக்கொள்ளும் பம்புகள் புழக்கத்தில் இருக்கின்றன. அவற்றில் இருந்து உடலுக்குப் போகும் குழாயை இரண்டு, மூன்று நாளைக்கு ஒருமுறை மாற்றிவிடுகிறார்கள். பாட்டில் இன்சுலின் போடுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்கலாம். தெளிவாக இருக்கவேண்டிய இன்சுலின் மங்கலாகவோ, இழை இழையாகவோ தெரிந்தால் அதைப் போட்டுக்கொள்ளக் கூடாது. ஐஸில் உறைந்துபோன இன்சுலினையும் தொடக் கூடாது.

சுவரே இல்லாத பாத்திரம் கம்ப்யூட்டரில்தான் உண்டு என்றோம். அதை நிஜமாகவே செய்து பார்க்க ஆசைப்பட்டவர்களும் இருக்கிறார்கள். 2019-ம் ஆண்டில் பூமியைச் சுற்றும் சர்வதேச விண்வெளி நிலையத்துக்கு ஒரு கருவியை அனுப்பினார்கள். அங்கே எடை இல்லை. ஆகையால் பாத்திரமும் தேவை இல்லை. இரண்டு வளையங்களுக்கு நடுவில் புரதம் கலந்த பெரிய நீர்த்துளி ஒன்று தானாகவே உருண்டையாக நிற்கும். ஒரு வளையத்தைச் சுழற்றினால் துளியும் உள்ளுக்குள் சுழலும். புரதம் எப்படித் திரளுகிறது என்று படம் பிடிக்கலாம்.

பாட்டில் இல்லை. சுவர் இல்லை. ஆனால் துளியைச் சுற்றிலும் காற்று இருக்கிறது!